ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்

தாவரவியல் பாடநூல்களும் செய்முறைக் கையேடுகளும் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். உங்களில் சிலர் என்னோடு விடைத்தாள் திருத்தியவர்கள்; சிலர் என் வகுப்பில் அமர்ந்திருந்தவர்களாகவும் இருக்கலாம். அந்த உரிமையில்தான் இந்த வேண்டுகோள்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆவாரை, ஊமத்தை, செம்பருத்தி என்று ஆண்டுதோறும் அதே செடிகள். கூராகச் சீவிய பென்சில். பூவின் நீள்வெட்டு, சூற்பையின் குறுக்குவெட்டு, மலர் வரைபடம், மலர் சூத்திரம். பாகம் குறிக்காத படத்துக்கு நான் மதிப்பெண் தந்ததில்லை. சூலகமுடிக்குக் கோடு இருக்கிறதா, மகரந்தப்பைக்குப் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஆய்வகச் சுவரில் தொங்கிய படங்களிலும், கையேட்டில் அச்சாகியிருந்த படங்களிலும் எல்லாப் பாகங்களுக்கும் பெயர் இருந்தது. வரைந்தவருக்கு மட்டும் பெயர் இல்லை. அப்படி ஒன்று இல்லை என்பதையே அந்த முப்பத்தோர் ஆண்டுகளில் நான் கவனிக்கவில்லை. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, நீலகிரியில் ஓர் ஓடைக்கரையில் பார்த்த காசித்தும்பை வகை ஒன்றை அடையாளம் காண முயன்றுகொண்டிருந்தேன். அதற்காக ராபர்ட் வைட் வெளியிட்ட பழைய படத்தொகுதியின் மின்னணுப் படியைக் கணினியில் திறந்தேன். 'ஐகோனஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியன்டாலிஸ்' என்பது அதன் பெயர். 1838 முதல் 1853 வரை சென்னையில் பகுதி பகுதியாக வெளிவந்து ஆறு தொகுதிகளாக நிறைந்தது. மொத்தம் 2,101 படங்கள். பூவின் உட்பகுதியைப் பார்ப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது பக்கத்தின் அடி ஓரம் கண்ணில் பட்டது. அங்கே பொடி எழுத்தில் ஒரு பெயர்: ரங்கையா. பின்னால் வந்த தொகுதிகளைத் திறந்தால், அதே இடத்தில் கோவிந்து.

எழுந்து போய், பல ஆண்டுகள் நான் வகுப்பில் பயன்படுத்திய கையேட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். அதிலிருந்த படங்களில் ஒன்று இந்தத் தொகுதியிலிருந்து எடுத்ததுதான். இலையின் நரம்பு நரம்பாக ஒத்துப்போயிற்று. ஆனால் பக்கத்துக்குள் அடக்குவதற்காக நான்கு ஓரங்களையும் நறுக்கியிருந்தார்கள். ஓரத்தோடு பெயரும் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. வடிவமைத்தவருக்குச் செடிதான் படம், மற்றது வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் இருந்தவர்களைப் பற்றித்தான் நான் உங்களிடம் பேச வேண்டும்.

வைட் 1819ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் கம்பெனி அந்தப் பதவியை ஒழித்துவிட்டது. அவர் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராகப் போனார். ரங்கையா 1820களின் நடுவிலேயே அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அரசு இயற்கையியலைக் கைவிட்ட பிறகும் ரங்கையாவின் தூரிகை நிற்கவில்லை. அவர் வரைந்த படங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் போய்ச் சேர்ந்தன. அப்போது கிளாஸ்கோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கர், 1830களின் தொடக்கத்தில் தம் வெளியீட்டில் அவற்றை அச்சிட்டார். சோழமண்டலக் கரையில் உட்கார்ந்து ஒருவர் வரைந்த இலையையும் காயையும் பார்த்து, அந்த மண்ணை மிதித்திராத ஒரு பேராசிரியர் செடிகளைப் பிரித்தறிந்தார். அந்தக் கையின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

1845 வாக்கில் ரங்கையாவின் பெயர் நின்று கோவிந்துவின் பெயர் தொடங்குகிறது. அப்போது வைட் கோயம்புத்தூரில் இருந்தார். அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவித்துப் பார்க்கும் சோதனைப் பண்ணைகளைக் கம்பெனி 1842இல் அவர் பொறுப்பில் விட்டிருந்தது. பகலில் பருத்தி, மற்ற நேரமெல்லாம் காட்டுச்செடிகள் என்றுதான் அந்த ஆண்டுகளை நான் கற்பனை செய்துகொள்கிறேன். 1853இல் வைட் இந்தியாவை விட்டுப் போன பிறகு, சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான ஹியூ கிளெக்ஹார்னுக்காகவும் கோவிந்து வரைந்தார்.

இவ்வளவுதான் அவர்களுடைய வாழ்க்கை வரலாறாக நம் கைக்கு வந்திருக்கிறது. எந்த ஊர்க்காரர்கள், யாரிடம் தொழில் கற்றார்கள், கோவிந்து என்பது கோவிந்தையாவா கோவிந்தசாமியா, எதையும் எவரும் எழுதி வைக்கவில்லை. பெயர்களில் தெலுங்கு மணம் இருக்கிறது. தென்னாட்டு அரசவைகளைச் சார்ந்து வாழ்ந்த ஓவியக் குடும்பங்கள் பல தெலுங்கு பேசியவை. தஞ்சை மரபின் கை இவர்களுடையது என்று எண்ண இடமிருக்கிறது. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி, செடிகளையும் விலங்குகளையும் பறவைகளையும் ஓவியர்களைக் கொண்டு வரைவித்தவர். கண் நோயாளிகளின் கண்களைக்கூட நோய்க் குறிப்போடு சேர்த்து வண்ணத்தில் வரையச் செய்திருக்கிறார். சரசுவதி மகால் நூலகத்தில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகவே இயற்கையைக் கூர்ந்து பார்த்து வரைவதை வெள்ளையர் வந்துதான் நம் ஓவியர்களுக்குக் கற்பித்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் வைட் கேட்டது வேறு வகையான பார்வை என்பதும் உண்மை. கோயில் விதானத்திலோ அரசவைச் சித்திரத்திலோ தாமரை என்றால் அது தாமரையின் இலக்கணம். எந்தக் குளத்துத் தாமரையும் அல்ல. தாவரவியலாளருக்கோ மேசைமேல் கிடக்கும் இந்தச் செடி வேண்டும். அதே சமயம், அதன் இனத்தைச் சேர்ந்த எல்லாச் செடிகளுக்கும் அது பொருந்தவும் வேண்டும். பூச்சி அரித்த இலையை அரித்தபடியே வரையக் கூடாது. இல்லாத இலையைச் சேர்க்கவும் கூடாது. எதை விடுவது, எதைக் கொள்வது என்பது அறிவு சார்ந்த முடிவு. அதை எடுத்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். சூற்பையைக் குறுக்கே அறுத்து அறைகளை எண்ணுவதும், மகரந்தப்பை எந்தப் பக்கமாக வெடிக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்ப்பதும் அவர்கள் மரபில் இருந்த வேலைகள் அல்ல. கற்றுக்கொண்டார்கள். தங்கள் மரபை மறக்காமல் அந்தப் புதிய பார்வையையும் கைக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வண்ணப் படங்களில் இலையின் மேற்புறம் கனமான, ஒளி ஊடுருவாத வண்ணத்தில் பளபளவென்று நிற்கும். ஐரோப்பியர்களின் நீர்வண்ணத்தில் அந்தச் சதைப்பற்று வருவதில்லை. இது என் ரசனை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள்.

வரைந்து பழகாதவர்களுக்கு இந்த வேலையின் கடுமை தெரியாது. ஆகவே செங்காந்தளை எடுத்துக்கொள்கிறேன். நம் மாநில மலர். இதழ்கள் முதலில் பச்சையும் மஞ்சளுமாக இருந்து, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பாகின்றன. அந்த ஓரங்கள் அலை அலையாக நெளிகின்றன. சூலகத்தண்டு சூற்பையிலிருந்து நேராக எழாமல், ஏறக்குறைய செங்கோணத்தில் பக்கவாட்டில் மடங்குகிறது. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகி அருகிலிருக்கும் கிளையைச் சுற்றிக்கொள்கிறது. கிழங்கு மண்ணுக்குள் கலப்பை போல் வளைந்து கிடக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே செடியில், ஒரே கோணத்திலிருந்து பார்க்க முடியாது. நிழற்படம் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். முன்னிதழ் தெளிந்தால் பின்னிதழ் மங்கும். ஓவியர் மொட்டையும் மலரையும் காயையும் வெவ்வேறு நாட்களில் பார்த்து, ஒரே தாளில் முரணில்லாமல் சேர்க்கிறார். பூ வாடிவிடும் என்பதால் முதலில் பூ; இலைக்கு அவசரமில்லை. நிறம் மாறும் முன் வண்ணம் குழைத்து ஓரத்தில் தீற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவேதான், இத்தனை நல்ல கேமராக்கள் வந்த பிறகும் புதிய தாவர இனத்தை அறிவிக்கும் கட்டுரைகளில் கோட்டோவியம் தொடர்ந்து இடம்பெறுகிறது.

இன்னொன்றும் நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு தாவரத்துக்குப் பெயர் சூட்டியபோது அடிப்படையாக இருந்த உலர் மாதிரி அழிந்துபோனால், அப்போது வெளியான படத்தையே அந்தப் பெயருக்கு மூலச்சான்றாகத் தேர்ந்தெடுக்கப் பன்னாட்டுப் பெயரிடல் விதிகள் இடம் தருகின்றன. அதாவது பழைய பெயர்களைப் பொறுத்தவரை ஓவியம் என்பது பாடத்துக்குத் துணையாக ஒட்டிய அலங்காரம் அல்ல. அறிவியல் தன் சொல்லுக்குச் சாட்சியாக நிறுத்தும் ஆவணம் அது. சாட்சிக் கையெழுத்தை மட்டும் வெட்டிவிட்டு ஆவணத்தை வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

வைட் இதை அறிந்திருந்தார். அவரை நான் உயர்த்திப் பிடிக்க வரவில்லை. கம்பெனியின் வருவாய்க்காக வேலை செய்தவர் அவர். ஆனாலும் அவருடைய காலத்துப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அவருக்கு முன் ஆந்திரத்துச் சாமர்லகோட்டாவிலும் கல்கத்தாவிலும் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ இந்திய ஓவியர்களைக் கொண்டு 2,500க்கும் மேற்பட்ட படங்களை வரைவித்தார். சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றி லண்டனில் அச்சான அவருடைய பெருநூலில் அவற்றிலிருந்து 300 படங்கள் இடம்பெற்றன. அவற்றை வரைந்தவர்கள் பெயரை நூலில் தேடினால் கிடைக்காது. வைட்டின் தொகுதியிலேயே சில படங்கள் அந்தப் பெயரற்றவர்களின் படங்களைப் பார்த்து எழுதிய படிகள். அப்படிப்பட்ட காலத்தில் வைட் தம் ஓவியர்களின் பெயரைப் படத்தின் அடியில் அச்சிட்டார். 1853இல், ஆர்க்கிட் குடும்பத்தில் தாம் புதிது என்று கருதிய ஒரு பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். ஆளுநர்களுக்கும் பிரபுக்களுக்கும் பேராசிரியர்களுக்கும் காணிக்கையாகும் இடத்தில் ஓர் இந்திய ஓவியரின் பெயர்! பின்னர் வந்த வகைப்பாட்டில் அந்தப் பேரினம் டிராபிடியா என்பதற்குள் அடங்கிவிட்டது. இருந்தாலும் இணைப்பெயர்ப் பட்டியலில் கோவிந்து இன்றும் இருக்கிறார்.

அயலார் ஆட்சியின் ஊழியர் ஒருவர் அச்சிட்டு வைத்த பெயரை, விடுதலை பெற்ற நாட்டில், அந்த ஓவியர்களின் மண்ணிலேயே, நாம் கத்தரித்துப் போட்டிருக்கிறோம். இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

99 பூக்களை ஒரே மூச்சில் அடுக்கிச் சொன்ன கபிலரின் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்கள். அறியத்தான் வேண்டும். சொல்லில் அடுக்கியவரைப் போற்றும் ஒரு சமூகம், பூவுக்குப் பூ அறுத்துப் பார்த்துக் கோட்டில் எழுதியவர்களை ஏன் கேட்கக்கூட இல்லை? கையால் செய்யும் வேலையை அறிவுக்குக் கீழே வைத்துப் பழகிவிட்டோம் என்பதே எனக்குத் தோன்றும் விடை. எழுதியவர் ஆசிரியர், வரைந்தவர் 'ஆள்'. நம் நூல்களின் முகப்புப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் அந்த வரிசை தெரிந்துவிடும்.

இது பழங்கதை அல்ல. என்னிடம் படித்த மாணவி ஒருவர் தாவர ஓவியராக இருக்கிறார். உலர்ந்த மாதிரியிலிருந்து ஒற்றைப் பூவை எடுத்து வெந்நீரில் போட்டு, அது மீண்டும் விரியும்வரை காத்திருந்து, ஊசிமுனையால் இதழைப் பிரித்து, உருப்பெருக்கியில் பார்த்து வரைபவர். நிழலைக் கோடுகளால் நிரப்பாமல் புள்ளி புள்ளியாக வைப்பார்; ஒரு காயின் வளைவுக்கு ஆயிரம் புள்ளிகள்கூட ஆகும். ஒரு படத்துக்கு நான்கைந்து நாட்கள். ஒரு மாவட்டத்தின் தாவரங்களைப் பற்றிய நூலுக்காக இரண்டு ஆண்டுகள் அப்படி வரைந்து கொடுத்தார். நூல் வந்தது. நன்றியுரையில் தட்டச்சு செய்தவர் பெயர் இருந்தது, வண்டி ஓட்டியவர் பெயர் இருந்தது. இருக்க வேண்டியவைதான். இவர் பெயர் எங்குமே இல்லை. பேசியபடி தொகை கொடுத்துவிட்டோமே என்றுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. அந்த நூலை அவர் என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். தம் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். அதைப் பற்றி ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. நானாகத்தான் கவனித்தேன். முன்பே அந்தக் கையேட்டின் ஓரத்தைப் பார்த்திருக்காவிட்டால் அதையும் கவனித்திருக்க மாட்டேன்.

வேறு விதமாகவும் நடக்கும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. திருச்சியில் உலர்த்திய தாவர மாதிரிகளைக் காக்கும் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி எழுதியபோது படங்களுக்கென்றே தனித் தொகுதிகள் வெளியிட்டார். படம் இல்லாத தாவர நூல் அரை நூல் என்பது அவர் செயலில் தெரிந்தது. பெங்களூரைச் சேர்ந்த நிருபா ராவ், மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களைத் தம் பெயரோடு வரைந்து வருகிறார். இந்தத் தொழிலில் ஒரு வாழ்க்கை உண்டு என்று மாணவர்களிடம் சொல்வதற்கு இத்தகையவர்கள் நமக்கு வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் அழகாக வரையும் பிள்ளையிடம், "ரெக்கார்டு நன்றாக இருக்கிறது" என்று சொல்லி முடித்துக்கொண்டேன் நான், ஆண்டுக்கு ஆண்டு. அதற்கு மேல் அந்தக் கைக்கு ஒரு பாதை இருக்கிறது என்று சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லை.

ரங்கையா, கோவிந்து இருவரின் மூல ஓவியங்களில் நூற்றுக்கணக்கானவை எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் உண்டு. எடின்பரோவின் ஹென்றி நோல்ட்டி பல ஆண்டுகள் உழைத்து அவற்றை ஒழுங்குபடுத்தி, இருவர் பெயரும் உலகுக்குத் தெரியும்படி எழுதினார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஓவியங்கள் திரும்பி வர வேண்டுமா என்பது பெரிய கேள்வி. அதை இந்த மடலில் நான் எழுப்பவில்லை. அச்சான 2,101 படங்களோ யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. காப்புரிமைக் காலம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்த யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆகவே எடுத்துப் பயன்படுத்துங்கள், தாராளமாக. ஆனால் படத்தின் அடியில் வரைந்தவர் பெயரைப் போடுங்கள். பழைய படமானாலும், உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் நேற்று வரைந்து கொடுத்ததானாலும் அதே விதி இருக்கட்டும். பெயர் தெரியாத படமாக இருந்தால், 'வரைந்தவர் பெயர் பதிவாகவில்லை' என்று அச்சிடுங்கள். அந்தச் சொற்கள் அங்கே இருந்தால்தான் என்றாவது ஒரு மாணவர் ஏன் பதிவாகவில்லை என்று கேட்பார். வகைப்பாட்டியல் பாடத்தில் லின்னேயஸுக்கும் பெந்தமுக்கும், வில்லியம் ஹூக்கரின் மகன் ஜோசப் ஹூக்கருக்கும் இடம் இருக்கிறது. அதே பாடத்தில் ரங்கையாவுக்கும் கோவிந்துவுக்கும் அரைப் பக்கம் கொடுங்கள்; தேர்வில் கேள்வி வராவிட்டாலும் பரவாயில்லை. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு படத்தின் கீழும் மாணவர் தம் பெயரையும் வரைந்த நாளையும் எழுதட்டும். அட்டையில் பெயர் இருக்கிறதே என்பீர்கள். அட்டைப் பெயர் நோட்டு யாருடையது என்பதைச் சொல்கிறது. படத்தின் கீழுள்ள பெயர், இதைப் பார்த்தவன் நான் என்று சொல்கிறது.

அருங்காட்சியகப் பொறுப்பாளர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், கம்பெனி காலத்தில் வெள்ளையருக்காக நம் ஓவியர்கள் வரைந்தவற்றைக் குறிக்கும் 'கம்பெனி பாணி' என்ற ஒற்றைச் சொல்லோடு விளக்க அட்டையை முடித்துவிட வேண்டாம் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஓவியரின் பெயர் பதிவாகியிருக்கும் இடங்களில் அந்தப் பெயர் முதல் வரியில் வரட்டும்.

இந்த மடலோடு வைட்டின் தொகுதியிலிருந்து ஒரு படத்தின் நகலை இணைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் சேர்க்க உகந்தது என்று உங்களுக்குத் தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். தாள் கொஞ்சம் பெரியது. உங்கள் பக்க அளவுக்கு அடங்காது. அப்படியானால் முழுப் படத்தையும் சுருக்கிப் போடச் சொல்லுங்கள். பெயர் கீழே, ஓரத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியன்